காக்கைக்கு வந்தது நமக்கும் வருமா?

வணக்கம். 2021 ஜனவரியில் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். தில்லி மயூர் விஹார் மூன்றாம் பகுதிப் பூங்காவில் காக்கைகள் செத்து விழுந்தன. சஞ்சய் ஏரியில் வாத்துகள் இறந்து கிடந்தன. போபால் ஆய்வகம் அது பறவைக் காய்ச்சல்தான் என்று உறுதிசெய்தது. காஜிப்பூர் கோழிச் சந்தையை மூடினார்கள். கணுப்பிடி அன்று மொட்டை மாடியில் மஞ்சள் இலை பரப்பிச் சோற்றுருண்டை வைத்த நம் பெண்களுக்குக் காக்கை வந்தால் அச்சம், வராவிட்டால் மனக்குறை. அந்த நாட்களில் என் காதில் அதிகம் விழுந்த கேள்வி: காக்கைக்கு வந்தது நமக்கும் வருமா?

வைரஸ்களைப் படித்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இதற்கு வைரஸை மட்டும் ஆராய்ந்தால் விடை கிடைக்காது. அது போய்ச் சேரும் உடலின் மரபணுக்களையும் பார்க்க வேண்டும்.

காட்டு வாத்து பல வகை ஃப்ளூ வைரஸ்களைக் குடலில் சுமந்துகொண்டு நலமாகப் பறக்கிறது. கோழிக்கு எமனாகும் வகைகளில் சிலவற்றைக்கூடத் தாங்கிக்கொள்கிறது. கோழிப் பண்ணையிலோ சில நாட்களில் கொட்டகையே காலியாகிவிடும். ஏன் இந்த வேறுபாடு? வாத்தின் செல்லுக்குள் ‘ரிக்-ஐ’ என்றொரு புரதம் காவல் இருக்கிறது. வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை அடையாளம் கண்டதும், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கவைத்துவிடும். கோழியிடம் அந்தக் காவல் புரதத்துக்கான மரபணுவே இல்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதை வெளியிட்டார்கள். வாத்தின் மரபணுவைக் கோழியின் செல்களில் சேர்த்தபோது வைரஸின் பெருக்கம் குறைந்தது. அதற்காக வாத்துக்கு ஆபத்தே இல்லை என்று எண்ண வேண்டாம். சஞ்சய் ஏரியில் இறந்தவையும் வாத்துகள்தான்.

இனி மனிதர்கள். ஃப்ளூ வைரஸ் தன்னை நகலெடுக்க, நம் செல்லில் உள்ள ஏஎன்பி32ஏ என்ற புரதத்தின் துணை வேண்டும். பெரும்பாலான பறவைகளின் ஏஎன்பி32ஏவில், புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்கள் கூடுதலாக 33 உண்டு, நம்முடையதில் இல்லை. பறவை வைரஸை நகலெடுக்கும் நொதி அந்த நீண்ட புரதத்துக்குப் பழகியது, ஆகவே நம் செல்லில் தடுமாறுகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2016இல் கண்டறிந்தது இது. ஆனால் நொதியின் ஒரு பகுதியில், 627ஆம் இடத்தில் உள்ள குளூட்டமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் லைசின் என்ற வேறொன்றாக மாறினாலே பெரும்பாலும் அந்தத் தடுமாற்றம் தீர்ந்துவிடுகிறது. இதனால் மட்டும் மனிதரிடையே பரவிவிடாது. வேறு தடைகளும் உள்ளன. ஆனால் ஒரு நோயாளியின் உடலிலேயே இம்மாற்றம் தோன்றக்கூடும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

கோழியின் ஏஎன்பி32ஏ புரதத்துக்கான மரபணுவைத் திருத்திப் பிரிட்டன் விஞ்ஞானிகள் வளர்த்த கோழிகளைப் பற்றி 2023இல் படித்தேன். வழக்கமான அளவு வைரஸுக்கு 10 கோழிகளில் 9 தப்பின. அளவை ஆயிரம் மடங்காக்கியதும் 10இல் 5 கோழிகளுக்குத் தொற்றிவிட்டது. வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு, அதே குடும்பத்தின் வேறு இரு புரதங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டது! அருமையான ஆய்வு. ஆனாலும் ஒரு மரபணுவைத் திருத்திவிட்டுப் பண்ணையை நிம்மதியாக நடத்தலாம் என்று யாரும் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

2021 ஜூலையில் தில்லி எய்ம்ஸில் ஒரு சிறுவன் ஹெச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சலால் இறந்தான். இந்தியாவில் அந்த நோயால் பதிவான முதல் மனித மரணம் அது. சந்தைகளில் விடியும் முன்பே லாரியிலிருந்து கூண்டுகளை இறக்கி, வெறும் கையால் கோழியின் காலைப் பிடித்துத் தராசில் வைக்கும் தொழிலாளிகளை அப்போது நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஒவ்வொருவரின் மூச்சுக்குழலும் பறவை வைரஸ் மனித உடலைப் பழகிப் பார்க்கக் கிடைக்கும் இடம். அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றே தொண்டை மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். அதற்காக அவர்களின் அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.