மேலே இரண்டாகப் பிரியும் தூண்

(காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, பொறியியல் படிக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நம்மைச் சுற்றிக் கண்மாயும் பொட்டலும்தான். குன்றக்குடி, பிரான்மலையை விட்டால் அண்ணாந்து பார்க்க மலை கிடையாது. நாம் அறிந்த பெரிய பாலம் பாம்பன் சாலைப் பாலம், 2.3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பிரான்சில் தார்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் கடக்கும் மியோ பாலமும் 2,460 மீட்டர்தான். ஆனால் அதன் உயரமான தூண் 245 மீட்டர்! அவ்வளவு உயரத்துக்குத் தூண் எழுப்புவதென்றால் எண்ணிக்கையைக் குறைத்தாக வேண்டும். ஆகவே ஏழே தூண்கள், எட்டுக் கண்கள், அதாவது தாங்கலுக்குத் தாங்கல் உள்ள இடைவெளிகள். அவற்றில் ஆறு கண்கள் தலா 342 மீட்டர். வண்டி ஓடும் தளத்தைக் கேபிள்கள் தாங்குகின்றன.

சரி, சிக்கல் எங்கே? வெயிலில். சித்திரை வெயில் இரும்பை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அத்தனை நீள எஃகுத் தளம், வெப்பம் 30 டிகிரி கூடினால் ஏறத்தாழ 90 செ.மீ. நீளும். நடுவிலிருந்து இரு பக்கமும் நீளுவதால் நடுத் தூண்களுக்குக் கவலையில்லை. ஓரத்துத் தூண்களின் தலையைத்தான் தளம் இழுக்கும். தூண் முழுக்கத் தடியாக இருந்தால் முரண்டு பிடிக்கும். முழுக்க மெலிந்திருந்தாலோ, ஒரு கண்ணில் லாரிகள் வரிசையாக நின்று அடுத்த கண் காலியாகக் கிடக்கும்போது தளம் ஆட்டம் காணும். அதனால் கீழே ஒரே தூணாக எழுப்பி, மேல் 90 மீட்டரை மட்டும் இரண்டு மெல்லிய கால்களாகப் பிரித்தார்கள். நீளவாக்கில் இழுத்தால் கால்கள் வளைந்து கொடுக்கும். இரண்டும் தள்ளித் தள்ளி நிற்பதால் தளத்தைத் திருக விடாது. என்னைக் கேட்டால் மொத்த வடிவமைப்பின் மூளையும் இந்த 90 மீட்டரில்தான் இருக்கிறது. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். பொறியாளர் மிஷெல் விர்லோஜோ பெயரைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் தளம். 36,000 டன் எஃகைக் கிரேனில் தூக்கவில்லை. இரு கரையிலும் பற்றவைத்து, பள்ளத்தாக்கின் மேல் நகர்த்தினார்கள். தேரைக் கட்டை போட்டு நெம்பி நகர்த்துவோமே, அந்த மாதிரி. ஹைட்ராலிக் ஆப்புகள் தளத்தைச் சற்றே தூக்கும், 60 செ.மீ. முன்னே தள்ளும், இறக்கி வைக்கும். மறுபடி தூக்கும். இடையிடையே தற்காலிகக் கோபுரங்கள். 2004 மே மாதம் இரு முனைகளும் ஆற்றுக்கு மேலே சேர்ந்தன. டிசம்பரில் வண்டிகள் ஓடின.

மேலே காற்று பலமாக அடிக்கும். ஓரங்களில் 3 மீட்டர் உயரத் தடுப்பு வைத்தார்கள், ஆனால் முழுக்க அடைக்கவில்லை. அடைத்தால் லாரி தப்பிக்கும், காற்றின் பாரம் முழுவதும் பாலத்தின் மேல் வந்து விழும்.