கழட்டி மாட்டியே ஐம்பது வருஷம் ஓடுன பஸ்

எல்லாருக்கும் வணக்கம். லண்டன்னு சொன்னதும் கண்ணு முன்னாடி ஒரு செவப்பு மாடி பஸ் வந்து நிக்குமே, பின்னாடி கதவே இல்லாம, கம்பியைப் புடிச்சு ஏறிக்கிற மாதிரி, அதுக்குப் பேரு ரூட்மாஸ்டர். அதோட அழகைப் பத்தி நெறைய பேர் பேசிட்டாங்க. நான் பேச வந்தது அது உழைச்ச உழைப்பைப் பத்தி.

முதல் வண்டி 1954ல ரெடியாச்சு, 1956 பிப்ரவரியில ஜனங்களை ஏத்திக்கிட்டு ரோட்டுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் 1968 வரைக்கும் மொத்தம் 2,876 வண்டி கட்டிட்டாங்க. ரெண்டாம் உலக யுத்த காலத்துல, லண்டன்ல பஸ் ஓட்டுன லண்டன் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் ஹாலிஃபாக்ஸ்ங்கிற குண்டுவீச்சு விமானம் கட்டுற வேலையில இருந்துச்சு, அங்க கத்துக்கிட்ட அலுமினிய வேலையைத்தான் இந்த பஸ்ல கொண்டு வந்தாங்க. அதனால முந்தின ஆர்டி பஸ்ல 56 சீட்டுன்னா இதுல 64, ஆனா எடை ஏறவே இல்லை. 1950கள்லயே பவர் ஸ்டீரிங், ஆட்டோமேட்டிக் கியர், ஹீட்டர்னு டிரைவரோட உடம்பைப் பத்தி யோசிச்சு கட்டுன பஸ்ஸுங்க இது!

இதுல சேசிஸ், அதாவது வண்டி முழுக்கத் தாங்குற அடிச்சட்டம், தனியா கிடையாது. முன்னாடி இன்ஜினைத் தாங்க ஒரு ஃபிரேம், பின்னாடி ஆக்சிலைத் தாங்க ஒரு ஃபிரேம், நடுவுல பாடிதான் பாரத்தைத் தாங்குது. அப்போ ஆல்டன்ஹாம்னு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப், சில வருஷத்துக்கு ஒருதடவை ஒவ்வொரு வண்டியும் அங்க போகும், பாடியை அப்படியே தூக்கிட்டு ஃபிரேம் ஒருபக்கம் பாடி ஒருபக்கம்னு பிரிச்சு மேஞ்சிடுவாங்க, அதுக்குள்ள உள்ள வந்த வண்டியோட நம்பரை ஏற்கனவே சரிபண்ணி நிக்கிற இன்னொண்ணுக்கு மாட்டி ரோட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதாவது போன நம்பரே திரும்பி வரும், ஆனா வண்டி வேற. இவ்வளவு வருஷம் தாக்குப்பிடிச்சதுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான், கழட்டணும்னு நெனச்சே கட்டுனாங்க.

அப்புறம் கண்டக்டர். மாடிப்படிக்குக் கீழ அவருக்குன்னே ஒரு சின்ன மூலை விட்டிருப்பாங்க, ஏறுறவங்க இறங்குறவங்க மேல இடிக்காம நிக்கலாம். டிரைவர் முன்னாடி தனிக் கூண்டுல இருக்கார், பேச வழியில்லை, மணிதான் பாஷை. கயிறை ஒருதடவை இழுத்தா நிறுத்து, ரெண்டு தடவை இழுத்தா கிளம்பு. டிக்கெட்டு ஓடுற பஸ்லயே குடுத்துடுவார், அதனால ஸ்டாப்புல நிக்கிற நேரம் ரொம்ப கம்மி.

ஆனா ஒண்ணு சொல்லியாகணும். சக்கர நாற்காலியில வர்றவங்களால அந்தப் படியில ஏறவே முடியாது. அதை மறைச்சுட்டு இந்த பஸ்ஸைப் புகழ எனக்கு மனசு வரலை. தாழ்தள பஸ் வந்தது நியாயம்தான். கண்டக்டரையும் சேர்த்து அனுப்புனதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை.

2005 டிசம்பர் 9, 159ஆம் ரூட். ரூட்மாஸ்டர் வழக்கமான ரூட்ல ஓடுன கடைசி நாள். ரோட்டோரம் பூரா கூட்டம். கடைசி வண்டி ஆர்எம் 2217, மெல்ல நகர்ந்து பிரிக்ஸ்டன் டிப்போவுக்குள்ள போச்சு. 1965ல கட்டுனது, நாப்பது வயசு.