டேவ் சாப்பெல் ஓடி வந்த ஊரில் ஒரு ரிமோட் சண்டை

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பேசுகிறேன். இன்றைக்குச் சமையலும் கிடையாது, கடற்கரையும் கிடையாது. ஸ்டாண்ட்-அப் காமெடி. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து சிரித்து நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் மதுரைக்காரன், மனைவி சாட்ஸ்வொர்த் பொண்ணு, டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் பகுதி அது. 1860-இல் மதராஸிலிருந்து முதல் கப்பல் இங்கே வந்ததே, அதற்கப்புறம் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வம்சம். அத்தைக்குக் கோயில் பாட்டு அத்தனையும் மனப்பாடம், ஆனால் பேச்சு இங்கிலீஷ்தான். ஒருநாள் அலெக்ஸாண்டர் பாபு ஷோவைப் போட்டேன். இளையராஜா, ரஹ்மான், யேசுதாஸ் என்று பாடிக்கொண்டே கிண்டல் செய்வாரே, அவர்தான். நான் கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிறேன். அத்தை அமைதியாகக் கேட்டுவிட்டு, "குரல் நல்லா இருக்கு, ஏன் நடுவுல நடுவுல நிறுத்திட்டுப் பேசுறான்?" என்றார். நியாயமான கேள்வி. அந்தப் பாட்டுகளை டவுன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் கேட்டு வளராதவருக்கு அந்த இடத்தில் சிரிக்க என்ன இருக்கிறது?

அத்தைக்குப் பிடித்தது டர்பன் இந்தியன் காமெடி. கல்யாண வீட்டு பிரியாணிச் சண்டை, பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் வம்பு, எல்லாம் அந்த சாட்ஸ்வொர்த் இழுவை இங்கிலீஷில். எனக்கு முதலில் பாதி புரியவில்லை. புரிந்த பிறகும் சிலரிடம் சலிப்புதான்: இழுவையை எடுத்துவிட்டால் ஜோக்கே இருக்காது. மசூத் பூம்கார்ட் அப்படி இல்லை. 'செல்ஃப் ஹெல்ப் சிங்' என்று ஒரு வேஷம் போட்டு, "முடியலைன்னா விட்டுடு" என்கிற ரீதியில் உபதேசம் செய்வார். ஊக்கப் பேச்சாளர்களைக் கேட்டு நொந்து போன என்னைப் போன்றவர்களுக்கு அது மருந்து.

மச்சான் வேறு கட்சி. அமெரிக்கக் காமெடியன் டேவ் சாப்பெலைத் தவிர மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பள்ளி ஆண்டுவிழா. சாப்பெலுக்கும் எங்கள் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு, தெரியுமா? 2005-இல் 5 கோடி டாலர் ஒப்பந்தத்தையும் தன் டிவி ஷோவின் மூன்றாவது சீசனையும் அப்படியே விட்டுவிட்டு மனிதர் காணாமல் போனார். போதை, மனநல மருத்துவமனை என்று அமெரிக்காவில் கன்னாபின்னாவென்று வதந்தி. அவரோ டர்பனில் இருந்தார்! டைம் பத்திரிகை இங்கே வந்துதான் பேட்டி எடுத்தது. ஒரு காட்சிக்கு முகத்தில் கறுப்பு மை பூசிக்கொண்டு நடித்தபோது, படப்பிடிப்பில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சத்தமாக, ரொம்ப நேரம் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு சாப்பெலுக்கு உறுத்திவிட்டது. கறுப்பர்களைப் பற்றிய கேலியைத் தாண்டி ஏதோ சொல்ல நினைத்தால், பார்ப்பவர் அந்தக் கேலியை மட்டும் ரசிக்கிறாரோ என்ற சந்தேகம்.

மச்சானிடம் இதைத்தான் திருப்பிக் கேட்டேன். சாட்ஸ்வொர்த் இழுவைக்கு அத்தை சிரிப்பது ஒன்று. ஆபீஸில் இந்தியர் அல்லாத ஒருவர் அதே வீடியோவைக் காட்டி என்னிடம் பேசிக் காட்டிச் சிரிப்பது வேறொன்று. ஜோக்கில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தென்னாப்பிரிக்கக் காமெடியன் டிரெவர் நோவா எத்தனையோ பேர் மாதிரிப் பேசிக் காட்டுவார். அம்மா கோசா இனத்தவர், அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். அவர் பிறந்த 1984-இல் கறுப்பரும் வெள்ளையரும் அப்படிச் சேர்வதே இங்கே சட்டப்படி குற்றம். அம்மா மாதிரி அவர் பேசும்போது எனக்கு உறுத்துவதே இல்லை, அது அவர் வீடு.

ரியாத் மூசாவையும் சொல்லிவிடுகிறேன். டாக்டருக்குப் படித்துவிட்டுக் காமெடிக்கு வந்தவர். 2012-இல் 'மெட்டீரியல்' என்ற படத்தில், ஜோஹன்னஸ்பர்க் துணிக்கடைக்காரரின் மகனாக, அப்பாவுக்குத் தெரியாமல் மேடையேறுவார். அத்தை அந்தப் படத்தில் அப்பா பக்கம்! "கடையை யார் பாக்குறது?" என்று கடைசிவரை கோபம்.

மச்சான் என்ன சொன்னான் என்றால், "நீ மதுரையிலிருந்து வந்தவன், எங்க இழுவைக்கு உனக்கு ஏன் சுருக்குன்னுது?" பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் ரிமோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.