90 வயது வரை வீடு துடைத்த டீனா அம்மா

விழாத் தலைவர் அவர்களே, எப்போது கேட்டாலும் முகம் சுளிக்காமல் இந்த மாடி அறையைத் திறந்துவிடும் நூலகர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பிகளே, எல்லாரையும்விட முக்கியமாகப் பின்வரிசையில் இருக்கும் வீட்டு வேலை செய்யும் சகோதரிகளே, வணக்கம். முன்னால் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள்.

'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு.' நான் எந்த மேடை ஏறினாலும் சொல்வது இது. அதைக் கேட்டதும் நமக்குக் கடல் தாண்டிய ஆண்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். கூடப் போன பெண்கள்? அப்படிப் போய், வீட்டு வேலை செய்து, 115 வயது வரை வாழ்ந்த டீனா மன்ஃப்ரெதினி அம்மாவைப் பற்றி இன்று மூன்று விஷயம் பேசப்போகிறேன்: அவர் போன பயணம், அவர் பார்த்த வேலை, அந்த வேலை செய்பவர்களைச் சட்டம் எப்படி நடத்தியது என்பது.

1897 ஏப்ரல் 4 அன்று இத்தாலியில், மோதெனாவுக்குத் தெற்கே அபென்னைன் மலையில் பியவேபெலாகோ என்ற ஊரில் பிறந்தார். 1920இல் கணவர் ரிக்கார்தோவோடு அமெரிக்கா போய், அயோவா மாநிலத்து டி மொயின் நகரில் குடியேறினார். 1880க்குப் பிறகு இத்தாலியிலிருந்து 40 லட்சம் பேருக்கு மேல் அப்படிப் போனார்கள், பெரும்பாலும் தெற்கத்திக்காரர்கள், இவர் வடக்கு. 1924இல் அமெரிக்கா கதவைச் சாத்தியது, இத்தாலியிலிருந்து வருடத்துக்கு 4,000 பேருக்குக்கூட இடம் கிடையாது என்று சட்டம். அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

   

நான்கு பிள்ளைகள் பெற்றார். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அப்புறம் அடுத்தவர் வீடுகளைச் சுத்தம் செய்யும் வேலை. 1965இல் கணவர் போய்விட்டார், இவர் வேலையை விடவில்லை. 90 வயது வரை செய்தார், 110 வயது வரை தனியாகவே இருந்தார்.

இதை எங்கள் தெருவில் நாலு வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் சொன்னேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே கேட்டார். 2012 டிசம்பர் 4 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அதுவரை உலகிலேயே மூத்தவராக இருந்த பெஸ்ஸி கூப்பர் பாட்டி இறந்ததும் டீனா அம்மாதான் உலகிலேயே மூத்தவர் என்று ஆனது, பதின்மூன்றே நாளில், டிசம்பர் 17 அன்று, 115 வயதில் அவரும் போய்விட்டார், அடுத்து அந்த இடத்துக்கு வந்த ஜப்பான்காரர் கிமுரா இவரைவிடப் பதினைந்து நாள்தான் இளையவர் என்று நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போக, அந்த அக்கா, "அதெல்லாம் இருக்கட்டும் அண்ணே, ஞாயித்துக்கிழமை லீவு உண்டா அந்தம்மாவுக்கு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. "ஒடம்பு முடியாமப் போனா காசு புடிப்பாங்களா?" என்று அடுத்த கேள்வி. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "வயசைச் சொல்றீங்க, சம்பளத்தச் சொல்லலியே" என்றார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் இன்று வந்திருக்கிறேன். அமெரிக்காவில் 1935இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வீட்டு வேலைக்காரர்களை வெளியே நிறுத்தினார்கள். 1950இல் திருத்தம் வந்துதான் ஓரளவு உள்ளே விட்டார்கள். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவர்களை எட்டியது 1974இல். திரைகடல் ஓடிய பெண்ணுக்குத் திரவியம் கிடைத்த லட்சணம் இது!

2011 ஜூனில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வீட்டு வேலை செய்பவருக்கும் உரிமை என்கிறது. டீனா அம்மா பிறந்த இத்தாலி 2013 ஜனவரியில் அதை ஏற்றது, அவர் கண்மூடி ஒரு மாதம் கழித்து. அவர் உழைத்த அமெரிக்கா ஏற்கவில்லை. நாமும் இன்னும் ஏற்கவில்லை.

வார்டு உறுப்பினர் அவர்கள் தயவுசெய்து இதை மேலே கொண்டுபோக வேண்டும். இந்தியாவும் இந்த உடன்படிக்கையை ஏற்க வேண்டும் என்று கேட்கும் மனு படிக்கட்டுப் பக்கத்து மேஜையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை எங்கள் தெரு அக்காவே போட்டுவிட்டார், மீதியை நீங்கள் போடுங்கள், பேனாவும் அங்கேயே இருக்கிறது.