பிடிக்கட்டுமா என்று கேட்கும் மரியாதை

நேயர்களுக்கு வணக்கம். ஜிம்னாஸ்டிக்ஸ் என்றதும் டிவியில் பார்த்த ஒலிம்பிக்ஸ்தான் பலருக்கு ஞாபகம் வரும். நான் பேச வந்தது நம் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் கூடத்தில் மேட் என்கிற மெத்தை விரிப்பைப் போட்டுக் கரணம் பழகுகிற எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பவருக்கும் நடுவில் இருக்கிற மரியாதை. உடற்கல்வி ஆசிரியராக இந்த ராமநாதபுரம் கரையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கே பயிற்சி நடந்தாலும் இன்றைக்கும் போய் ஓரமாக நின்று பார்ப்பேன்.

மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு கடலோர ஊர். அங்கே கூடத்து வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும், பக்கத்தில் மடித்துப் போட்ட சாக்கு. பிள்ளைகள் காலைக் கழுவி, சாக்கில் துடைத்துவிட்டுத்தான் மேட்டில் ஏற வேண்டும். நம் பக்கம் செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏற மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பக்தியாகத் தெரியலாம். எனக்கு இதில் தெரிவது மணல்தான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கதவைச் சாத்தினாலும் மணல் உள்ளே வந்துவிடும். மேட்டில் கொஞ்சம் மணல் கிடந்தால் போதும், ஊன்றுகிற கை வழுக்கும். கை வழுக்கினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும். அடுத்து வரப்போகிற பிள்ளையின் கை வழுக்கக் கூடாது என்று முன்னால் போகிற பிள்ளை கால் கழுவுகிறது. நான் மரியாதை என்று சொல்வது இதைத்தான். சொல்லிக்கொடுப்பவரும் அந்த வாளியில் கால் கழுவுகிறாரா என்றுதான் எந்த இடத்திலும் முதலில் பார்ப்பேன்.

அப்புறம் வரிசையில் நிற்பது, வணக்கம் சொல்வது. அதெல்லாம் எல்லா இடத்திலும் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கும் முன் கையை உயர்த்தி நிற்பது இந்த விளையாட்டுக்கே உரியது. பெரிய போட்டிகளில் நடுவரைப் பார்த்துக் கை உயர்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும், முடித்ததும் மறுபடி உயர்த்த வேண்டும். மறந்தால் 0.3 மதிப்பெண் கழிப்பார்கள். 0.3 சின்னக் கணக்கு இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் நம் தீபா கர்மாகர், ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டுகிற வால்ட் போட்டியில் 15.066 எடுத்து நான்காவதாக வந்தார். வெண்கலம் கைவிட்டுப் போனது 0.150 வித்தியாசத்தில். அதைப் போல இரண்டு மடங்கு, ஒரு வணக்கத்தின் விலை.

பயிற்சிக் கூடத்தில் நடுவர் கிடையாது. அங்கே பிள்ளை கை உயர்த்துவது சொல்லிக்கொடுப்பவரைப் பார்த்து. 'நான் தயார், நீங்க தயாரா?' என்று கேட்கிற கை அது. இவர் தலையசைத்த பிறகுதான் பிள்ளை கிளம்பும். வேறு பக்கம் திரும்பி நிற்கும்போது பின்னால் ஒரு பிள்ளை பல்டி அடித்தால் யார் பிடிப்பது?

போன கோடையில் அந்தக் கூடத்தில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடலில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அப்பாமார் வீட்டில் இருப்பார்கள். சாயங்காலம் ஜன்னலோரம் வந்து நின்று பார்ப்பார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அன்றைக்கு ஒரு பத்து வயதுப் பாப்பா, பின்னால் சாய்ந்து கை ஊன்றி எழும்புகிற பல்டி பழகிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுக்கிற மிஸ் பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு கையை அவள் இடுப்புக்குப் பின்னாலும் ஒரு கையைத் தொடைக்குப் பின்னாலும் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார். "பிடிக்கட்டுமா?" என்றார். ஒவ்வொரு முறையும் கேட்பார். பிள்ளையும் "பிடிங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் சாயும். அன்றைக்கு அவள் உயர்த்திய கையை இறக்கிவிட்டாள். "இன்னைக்கு வேணாம் மிஸ்."

ஜன்னலிலிருந்து அப்பா சத்தம் போட்டார்: "மிஸ் சொல்றாகள்ல, குதி தாயி, பயப்படாத!" கெட்ட எண்ணம் கிடையாது அவருக்கு. மகள் மிஸ்ஸை மதிக்கவில்லையே என்கிற பதற்றம். மிஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போய், "அண்ணே, அவ சொன்னது சரிதான். வேணாம்னு சொன்னா வேணாம்தான்" என்றார், அமைதியாக. திரும்பி வந்து பாப்பாவிடம், "சொன்னது நல்லது. கையைக் காட்டு" என்றார். வலது மணிக்கட்டைத் தொட்டதும் பிள்ளை முகம் சுருங்கியது. அந்தக் கையை ஊன்றியிருந்தால் பாதியில் மடங்கியிருக்கும். தலை கீழே இருக்கிற நேரம் அது, நேயர்களே. அன்று முழுக்க அவள் கால் நீட்டிப் பிளவு உட்காருவதைத்தான் பழகினாள். முடிந்ததும் வரிசையில் நின்று, "நன்றி மிஸ்" என்று எல்லாரோடும் சொன்னாள். மிஸ்ஸும் பெயர் சொல்லி ஒவ்வொரு பிள்ளைக்கும் நன்றி சொன்னார்.

பெயர் சொல்லி. இதை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை பெரியவரை மதிப்பது பாதிதான். பெரியவர் பிள்ளையை மதித்தால்தான் அது முழுசாகும். அதனால்தான் பயிற்சியில் தினமும் காலில் விழுந்து கும்பிட வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதைவிட, அடி வாங்கிய பிள்ளை கைகட்டி நின்று நன்றி சொல்வது இருக்கிறதே, அது வெறும் பயம். பயந்த பிள்ளை வலியைச் சொல்லாது. வேறு எதையும் சொல்லாது.

அந்த 'வேறு எதையும்' பற்றித்தான் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர், சிகிச்சை என்ற பேரில் சிறுமிகளிடம் செய்த பாலியல் கொடுமையை 2018இல் 150க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் எழுந்து சொன்னார்கள். பலருக்கு அதைச் சொல்லப் பல வருஷம் ஆனது. நம் நாட்டில் 2012 போக்சோ சட்டப்படி, இப்படி நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. பயிற்சி நடக்கிற கூடத்துச் சுவரில், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் அதைப் பெரிதாக எழுதிப் போடச் சொல்லுங்கள். பெற்றோர் பார்க்கிற மாதிரி ஜன்னலைத் திறந்தே வைக்கச் சொல்லுங்கள். கை வழுக்காமல் இருக்கப் பூசுகிற சாக் பவுடர் சாம்பிராணிப் புகை மாதிரி பறக்கிறது என்று யாராவது ஜன்னலைச் சாத்தினால், திறக்கச் சொல்லுங்கள். வணக்கம்.