பி இருந்தால் டி-யையும் பாருங்கள்

(யாங்கோன் கோயில் மண்டபத்தில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'பி போ', அதாவது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி என்றால் இங்கே தெரியாதவர் இல்லை. 2015இல் மியான்மர் நாடு முழுக்க எடுத்த கணக்கில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் ஹெபடைடிஸ் பி இருந்தது. என் அண்ணனுக்கும் இருந்தது. "சும்மா தூங்குற கிருமி, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பல வருஷம் நன்றாக இருந்தவருக்கு ஒரு மழைக்காலத்தில் கண் மஞ்சளாகி வயிற்றில் நீர் கட்டியது. ஹெபடைடிஸ் டி என்று இன்னொரு கல்லீரல் கிருமி இருப்பதையே எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்கு அது இருந்ததா என்று இனி தெரிந்துகொள்ள வழியில்லை. அந்த வேதனையில்தான் பேசுகிறேன்.

டி கிருமியை 1977இல் இத்தாலியின் டூரின் நகரில் ரிசெட்டோ என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். அதற்குச் சொந்தச் சட்டை கிடையாது. பி தைத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். பி இல்லாத உடம்பில் டி பிழைக்காது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் பெரும்பாலானோர் உடம்பு விரட்டிவிடும். ஆனால் பி ஏற்கெனவே குடியிருக்கிற கல்லீரலில் டி புகுந்தால் பெரும்பாலும் போகாது. கல்லீரல் சீக்கிரம் சுருங்கும். 2025இல் இதையும் புற்றுநோய் உண்டாக்கும் கிருமிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. டி வந்தால் பி-யின் அளவு குறைந்துவிடுவதுண்டு. ரிப்போர்ட்டைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவோம். பி குறைந்தும், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு ஏறியே நின்றால் சந்தேகப்படுங்கள். பி-க்குத் தரும் டெனோஃபோவிர் மாத்திரை டி-யை அடக்காது.

இது ரத்தத்தில் பரவும், உடலுறவிலும் பரவும். சேர்ந்து சாப்பிட்டால் வராது. பி உள்ளவருக்குத் தனித் தட்டு வைத்து அவர் மனசை நோகடிக்காதீர்கள். திருவிழாவில் அலகு குத்துகிறோம், மொட்டை போடுகிறோம். நேர்த்தியை விடச் சொல்லவில்லை. ஆளுக்கொரு புது ஊசி, புது பிளேடு, அவ்வளவுதான். காய்ச்சல் என்றதும் தெருவில் ஊசி போடுகிறவரிடம் ஓடுவதையும் நிறுத்த வேண்டும்.

பி இல்லாதவர்கள் பி தடுப்பூசி போட்டால் டி-யும் வராது. பி உள்ளவர்களுக்கு அது உதவாது. அவர்கள் டாக்டரிடம், "டி-க்கு எதிர்ப்பொருள் டெஸ்ட் எழுதுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அதில் இருப்பதாக வந்தால், கிருமி இப்போதும் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. டெஸ்ட்.

சரி, பழைய ரிப்போர்ட் கொண்டுவந்தவர்கள் அன்னதானம் முடிந்ததும் தூண் பக்கம் வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.