கோடு முதலில், கைதிகள் பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

1951 ஆகஸ்ட் 10. கொரியாவின் கேசோங் நகரில் ஐ.நா. படைத் தரப்பும், வட கொரிய, சீனத் தரப்பும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தன. 2 மணி 11 நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு கூட்டம் கலைந்தது. சண்டை மட்டும் வெளியே நடந்துகொண்டே இருந்தது.

மூன்றாண்டு நடந்த கொரியப் போரில் இரண்டாண்டுக்கு மேல் பேச்சும் குண்டும் ஒன்றாகவே ஓடின. ஏன் இவ்வளவு காலம்? கௌரவப் பிரச்சினை என்பார்கள். ஓரளவு உண்மைதான். மேசைமேல் வைத்த கொடியின் உயரத்துக்குக்கூடப் போட்டி இருந்தது. ஆனால் பெரிய தவறு வேறிடத்தில் நடந்தது என்பேன்.

எதை எதைப் பேசுவது என்று முடிவு செய்யவே இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. பட்டியலில் எல்லைக்கோடு முன்னால் வந்தது, கைதிகள் பின்னால் போனார்கள். போருக்கு முன் இரு கொரியாக்களுக்கும் எல்லையாக இருந்த 38-ஆவது அட்சக்கோடா, படைகள் நிற்கும் இடமா என்று இழுபறி. 1951 நவம்பர் 27-இல், படைகள் நிற்கும் இடமே கோடு என்று ஒப்புக்கொண்டார்கள். 30 நாளுக்குள் மற்றதெல்லாம் முடிந்தால் அந்தக் கோடு செல்லும் என்பது நிபந்தனை. முடியவில்லை. இனி நிலம் பெரிதாகக் கைமாறாது என்று தெரிந்ததும் அவசரம் போய்விட்டது. கிடைத்த மாதத்தில் சீனப் படை மலைகளைக் குடைந்து பதுங்குகுழி அமைத்துக்கொண்டது.

டிசம்பரில் கைதிகள் பட்டியல் மாற்றிக்கொண்டார்கள். ஐ.நா. தரப்பிடம் 1,32,474 பேர். எதிர்த்தரப்பு காட்டியது 11,559. எல்லோரையும் திருப்பி அனுப்புவதா, விருப்பப்பட்டவர்களை மட்டுமா? இந்த ஒரு கேள்வியில் பேச்சு ஒன்றரை ஆண்டு சிக்கிக்கிடந்தது. எல்லைக்கோட்டை விட்டுக்கொடுத்தால் போவது மண். வீடு திரும்ப மாட்டேன் என்று ஆயிரக்கணக்கான கைதிகள் சொன்னால் போவது ஆட்சியின் மானம்.

முடிச்சு ஒரேயடியாக அவிழவில்லை. முதலில், 1953 ஏப்ரலில், நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் மட்டும் பரிமாறினார்கள். சின்ன விஷயம்தான். ஆனால் சொன்ன நாளில் சொன்ன ஆள் வந்து சேர்வதை இரு தரப்பும் கண்ணால் பார்த்தன. திரும்ப விரும்பாதவர்களை இந்தியாவின் தலைமையில் ஐந்து நாட்டு ஆணையம் வைத்திருக்கும், சொந்த நாட்டார் 90 நாள் வந்து பேசிப் பார்க்கலாம் என்று ஜூன் 8-இல் முடிவானது. யாரும் தோற்றதாகச் சொல்லத் தேவையில்லாத ஏற்பாடு அது.

பத்தே நாளில், ஐ.நா. தரப்பில் இருந்த தென் கொரியாவின் அதிபர் சிங்மன் ரீ சுமார் 27,000 கைதிகளைத் தன்னிச்சையாக முகாமிலிருந்து வெளியே விட்டார். மேசையில் இடம் கொடுத்தும் மனம் ஒப்பாத கூட்டாளி எதிரியைவிட ஆபத்து.

ஜூலை 27 காலை 10 மணிக்குப் போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்து. இரு தரப்புப் பேச்சுக் குழுத் தலைவர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. அமலுக்கு வந்தது இரவு 10 மணிக்கு. கடைசி பதுங்குகுழிவரை உத்தரவு போய்ச் சேர அந்த 12 மணி நேரம். பிறகு ஒவ்வொரு தரப்பும் 2 கிலோமீட்டர் பின்வாங்கியது.

சமரசம் அந்தத் தாளில் இல்லை. அரசியல் பேச்சை மூன்று மாதத்துக்குள் தொடங்கும்படி பரிந்துரை மட்டும் இருந்தது. அது 1954 ஏப்ரலில்தான் ஜெனீவாவில் கூடியது. ஜூன் 15-இல் கொரியா பற்றி எந்த முடிவும் எட்டாமல் கலைந்தது. சமாதான உடன்படிக்கை இன்றும் கையெழுத்தாகவில்லை.